வணிகக் கப்பலில் ஆயுதக் காவல்: மச்சினனை அனுப்பலாமா?

வள்ளியூர் வாசகர், 19 மார்ச் 2024, காலை

அண்ணாச்சி, என் மச்சினன் ராணுவத்தில் பதினேழு வருடம் இருந்துவிட்டுப் போன ஆவணியில் ஓய்வு பெற்று வந்தான். கப்பலில் ஆயுதக் காவலர் வேலை, சம்பளம் டாலரில் என்று ஒரு முகவர் ஆசை காட்டியிருக்கிறார். பாஸ்போர்ட்டும் ஐம்பதாயிரம் ரூபாயும் கேட்கிறார். நம் கடற்படை சோமாலியாக் கொள்ளையரிடமிருந்து கப்பலை மீட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்து அவனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. என் வீட்டுக்காரி அழுகிறாள். கடற்படையே இருக்கும்போது கப்பலுக்குத் தனியாகக் காவல் எதற்கு? அவனை அனுப்பலாமா?

அண்ணாச்சியின் பதில், 19 மார்ச், இரவு

ஐம்பதாயிரத்தைக் கொடுக்காதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம். கப்பல் வேலைக்கு ஆள் எடுப்பவர் வேலை தருவதற்காக அந்த ஆளிடமே பணம் வாங்கக் கூடாது. வாங்குகிறவர் கப்பலைத் துறைமுக மதிலுக்கு வெளியே நின்று பார்த்தவராகத்தான் இருப்பார்.

இனி கடற்படைக்கு வருகிறேன். நீங்கள் சொன்ன கப்பல் ரூயென். அதைக் கொள்ளையர் போன டிசம்பர் 14 அன்று பிடித்தார்கள், நம் கடற்படை மீட்டது மார்ச் 16. ஐ.என்.எஸ். கொல்கத்தா துரத்தியது, விமானத்திலிருந்து கமாண்டோக்கள் குதித்தார்கள், 35 கொள்ளையர் சரணடைந்தார்கள், 17 மாலுமிகள் உயிரோடு வந்தார்கள். பெரிய வேலை, மறுக்கவில்லை. ஆனால் இடையில் போன மூன்று மாதத்தை அந்த 17 பேரின் வீட்டில் கேட்டுப் பாருங்கள். கொள்ளையர் படகு கண்ணில் பட்டதிலிருந்து ஏணியைச் சாத்துகிற வரை கப்பலுக்குக் கிடைப்பது இருபது நிமிடம். போர்க்கப்பல் நூறு மைலுக்கு அப்பால் நின்றால் அதன் ஹெலிகாப்டர்கூட அதற்குள் வந்து சேராது. அந்த இருபது நிமிடத்துக்குத்தான் காவலர்.

அது பலிக்கிறது என்பதற்கு ஒரே கப்பலின் கதை போதும். மேர்ஸ்க் அலபாமாவை 2009 ஏப்ரலில் கொள்ளையர் பிடித்தார்கள், கேப்டனையே பணயமாக இறக்கிக்கொண்டு போனார்கள். அதே நவம்பரில் அதே கப்பலிடம் மறுபடி வந்தார்கள். இந்த முறை மேல்தளத்தில் காவலர் இருந்தார்கள், சுட்டார்கள், வந்தவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். நான்கு துப்பாக்கி இருந்தால் போதும். முகவரை மாற்றிவிட்டு அனுப்புங்கள்.

20 மார்ச்

நேற்று எழுதியதில் அவசரம் தெரிகிறது. நான்கு துப்பாக்கி போதும் என்று முடித்துவிட்டேன். யாருடைய துப்பாக்கி என்று சொல்லவில்லை. பிரச்சினையே அங்கேதான்.

முதல் வழி, கப்பல்காரர்கள் கையிலேயே துப்பாக்கியைக் கொடுப்பது. முப்பது வருடத்துக்கு மேல் கடலில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கூடவே கூடாது. குழம்பில் உப்புக் கூடிப்போனதற்குச் சமையல்காரரும் இரண்டாம் என்ஜினியரும் மூன்று வாரம் முகம் பார்க்காமல் இருந்த கப்பலில் வேலை செய்திருக்கிறேன். அந்த இரண்டு பேர் கையிலும் துப்பாக்கி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தவிர, நாள் முழுக்கத் துரு சுரண்டி வண்ணம் அடிக்கிறவன் ஆடுகிற தளத்தில் நின்று குறி பார்க்க முடியாது.

இரண்டாவது, ஒரு நாட்டின் படைவீரர்களையே ஏற்றுவது. இத்தாலி அப்படிச் செய்தது. அதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும்.

மூன்றாவது, கூலிக் காவலர், உங்கள் மச்சினன் வகை. 2011 வரை பெரும்பாலான அரசுகள் இதை வேண்டாம் என்றுதான் சொல்லிவந்தன. அந்த வருடம் சோமாலியர் தாக்குதல் 237 ஆக ஏறியதும், பிரிட்டன் முதல் நம் கப்பல் துறை இயக்குநரகம் வரை வரிசையாக அனுமதித்தார்கள்.

நான்காவது, வரிசை கட்டிப் போகிற கப்பல்களுக்குப் போர்க்கப்பல் துணை. ஏடன் வளைகுடாவில் நம் கடற்படை 2008 அக்டோபரிலிருந்து இதைச் செய்கிறது. இலவசம். ஆனால் வரிசை கிளம்பும் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கிற ஒவ்வொரு நாளும் முதலாளிக்கு நெஞ்சு வலி.

இதெல்லாம் இல்லாமலும் செய்கிறவை உண்டு. கைப்பிடிச் சுவரைச் சுற்றி முள்கம்பிச் சுருள், தீயணைப்புக் குழாயில் ஓயாமல் பீய்ச்சும் கடல்நீர், என்ஜின்காரரின் பழைய உடுப்பில் துணியடைத்துத் தளத்தில் நிறுத்தும் பொம்மைகள். எங்கள் கப்பல் பொம்மைக்கு மீசை வரைந்து, திருஷ்டிப் பொம்மை மாதிரி ஆக்கிவிட்டார்கள். வேகமான கப்பலுக்கு இவையே போதும். 18 நாட் (மணிக்கு 18 கடல் மைல்) வேகத்துக்கு மேல் ஓடும் கப்பலில் கொள்ளையர் ஏறியதாகப் பதிவே இல்லை என்று அப்போது எங்களுக்குக் கொடுத்த கையேட்டில் இருந்தது. நிலக்கரி ஏற்றிக்கொண்டு 12 நாட் வேகத்தில் தவழ்ந்து, தளம் தண்ணீருக்கு ஐந்தாறு மீட்டர் உயரத்தில் இருக்கும் கப்பலுக்குத்தான் நான்கு பேர் வேண்டும்.

23 மார்ச்

காவலர் என்றால் எப்படி இருப்பார்கள் என்று கேட்டிருந்தீர்கள். 2012 ஜனவரி. நான் சீஃப் ஆபீசர், கேப்டனுக்கு அடுத்தவன். சிங்கப்பூர்ப் பக்கமிருந்து வளைகுடாவுக்குப் போகிற கப்பல். இலங்கையில் காலித் துறைமுகத்துக்கு வெளியே, கப்பலை நிறுத்தாமல் வேகத்தை மட்டும் குறைத்து, கயிற்று ஏணி வழியே நான்கு பேரை ஏற்றினோம். அவர்கள் பின்னால் நீளமான கறுப்புப் பெட்டிகள். தலைவர் ஆங்கிலேயர், மற்ற மூவர் மூன்று நாடு. வந்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, தேநீர் எங்கே கிடைக்கும் என்பது.

மறுநாள் விடியற்காலை, கன்னியாகுமரிக்கு நேர்தெற்கே, ஐம்பது மைல் இருக்கும். இடப்பக்கமிருந்து ஒரு படகு நேரே எங்களை நோக்கி வந்தது. விளக்கு இல்லை. அதில் ஏழெட்டுப் பேர். காவலர் தலைவர், கப்பலை ஓட்டும் மேல் அறையான பிரிட்ஜின் ஓரத்துக்கு வந்து துப்பாக்கியைத் தூக்கிக் காட்டினார், அதுதான் முறை, முதலில் காட்ட வேண்டும். படகு திரும்பவில்லை. ஒருவன் எழுந்து நின்று துண்டைச் சுற்றுகிறான். எனக்குப் புரிந்துவிட்டது. முன்னால் வலை கிடக்கிறது, கப்பல் அதன் மேல் ஏறிவிடக் கூடாதென்று குறுக்கே வருகிறார்கள். உவரியில் பிறந்தவனுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவா வேண்டும்? “மீன்பிடிப் படகு, சுடாதே” என்று கையைக் காட்டித் தடுத்து, சுக்கானை வலப்பக்கம் திருப்பச் சொன்னேன். பத்து லட்ச ரூபாய் வலை பிழைத்தது, ஆட்களும் பிழைத்தார்கள்.

கொள்ளையன் கப்பலை நோக்கி வேகமாக வருவான். வலைக்காரனும் அப்படித்தான் வருவான். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

24 மார்ச்

மேலே சொன்னதற்கு ஒரு மாதம் கழித்து நடந்ததுதான் என்ரிகா லெக்ஸி. 2012 பிப்ரவரி 15, கேரளக் கரையிலிருந்து சுமார் 20 கடல் மைல். அந்தப் பெயருள்ள எண்ணெய்க் கப்பலில் இருந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள் கொள்ளையர் என்று நினைத்து ஒரு மீன்பிடிப் படகின் மேல் சுட்டார்கள். இரண்டு மீனவர் செத்தார்கள், ஒருவர் கொல்லம், மற்றவர் நம் பக்கத்துக் கன்னியாகுமரி மாவட்டம். படகின் பெயர் செயின்ட் ஆன்டனி. அந்தோணியார் பெயர் எங்கள் உவரிக் கரையில் எத்தனை படகுகளில் எழுதியிருக்கிறது என்று எண்ணினால் பொழுது விடிந்துவிடும்.

சுட்டவர்கள் கூலிக்காரர் இல்லை, ஒரு நாட்டின் சீருடை போட்டவர்கள். அவர்கள் கட்டுப்பட்டது கப்பலின் கேப்டனுக்கு அல்ல, தங்கள் கடற்படைக்கு. எட்டு வருடம் இரண்டு அரசுகளும் இழுபறி. 2020இல் சர்வதேச நடுவர் மன்றம் அந்த இரு வீரருக்கும் அரசு அதிகாரிகள் என்ற விலக்கு உண்டு, இந்தியா விசாரிக்க முடியாது, இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றது. பத்துக் கோடி. இறந்தவர் குடும்பங்களுக்குத் தலா நான்கு, படகுக்காரருக்கு இரண்டு. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்கை மூடியது.

அதே 2012 ஜூலையில் துபாய்க்கு அருகே அமெரிக்கக் கடற்படையின் எண்ணெய்க் கப்பல் ஒன்று சிறு படகைச் சுட்டதில் ராமநாதபுரம் மாவட்டத்து மீனவர் ஒருவர் இறந்தார், மூவர் காயம். அதுவும் சீருடைதான். கூலிக் காவலன்தான் முரடன், அரசு வீரன் கட்டுப்பாடானவன் என்று எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் ஒரு தடவை படிக்கட்டும்.

2 ஏப்ரல்

சீமன் கார்டு ஓஹையோ வழக்கு ஞாபகம் இருக்கிறதா என்று ஒருவர் கேட்கிறார். பாளையங்கோட்டைக்காரனிடம் கேட்கிற கேள்வியா? அந்தச் சிறையைத் தாண்டித்தான் நான் காய்கறி வாங்கப் போகிறேன்.

2013 அக்டோபர் 12. தூத்துக்குடிக்கு அப்பால் நின்ற கப்பலைக் கடலோரக் காவல்படை பிடித்துத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. சியரா லியோன் கொடி, அமெரிக்க நிறுவனம், சரக்கு எதுவும் இல்லை. 35 காவலர், 35 துப்பாக்கி, ஐயாயிரத்துச் சொச்சம் தோட்டா. உள்ளூர்ப் படகில் டீசல் வாங்கினார்கள் என்பது தனிக் குற்றச்சாட்டு. புயலுக்கு ஒதுங்கினோம் என்றார்கள். ஆயுதச் சட்டத்தில் வழக்கு. பிரிட்டன், எஸ்டோனியா, உக்ரைன், இந்தியா என்று கலந்த கூட்டம் பாளையங்கோட்டை மத்தியச் சிறைக்கு வந்தது. சிறைக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தவர் “வெள்ளைக்காரன் கம்பி எண்ணுவதைக் கட்டபொம்மன் பார்த்திருக்க வேண்டும்” என்றார். சிரித்தேன்தான். பிறகு அந்த ஆட்களின் கதையைப் படித்தபோது சிரிப்பு நின்றது.

2014இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஆயுத வழக்கை ரத்து செய்தது. 2015இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பி, விசாரணை நடத்தச் சொன்னது. 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் எல்லோருக்கும் ஐந்து வருடம் கடுங்காவல் கொடுத்தது. 2017 நவம்பரில் மதுரைக் கிளை எல்லோரையும் விடுதலை செய்தது. நான்கு வருடம். துப்பாக்கியை ஒருவர் மேலும் சுடாதவர்கள்.

3 ஏப்ரல்

திருத்தம். 35 பேரும் காவலர் இல்லை. காவலர் 25, கப்பலை ஓட்டியவர்கள் 10. அந்தப் பத்துப் பேரில் பெரும்பாலோர் நம் நாட்டு மாலுமிகள். என்ஜினுக்கு எண்ணெய் போட்டவனுக்கும் அதே ஐந்து வருடம். இதைத் தூத்துக்குடியிலிருந்து கொஞ்சம் சூடாகவே சுட்டிக்காட்டிய அம்மாவுக்கு நன்றி. அவர் சூடு நியாயம்.

9 ஏப்ரல்

இன்னொரு கேள்வி. சோமாலியா எங்கே, தூத்துக்குடி எங்கே? அந்தக் கப்பலுக்கு இங்கே என்ன வேலை?

கொள்ளை அபாயப் பகுதி என்று கப்பல் துறையும் காப்பீட்டாரும் ஒரு கோடு போட்டிருந்தார்கள். சூயசிலிருந்து, தெற்கே 10 பாகை, கிழக்கே 78 பாகைத் தீர்க்கரேகை வரை. எடுத்துப் பாருங்கள், அந்த 78 தூத்துக்குடி வாசலில் விழுகிறது. தூத்துக்குடித் துறைமுகம் ஒரு முடி அளவு வெளியே. திருநெல்வேலி 77.7, ஆகவே ரேகைக் கணக்கில் உள்ளே. நெல்லையப்பருக்கே முள்கம்பி போட்டிருக்க வேண்டும். கிழக்கிலிருந்து வருகிற கப்பல் கோட்டைத் தாண்டும் முன் காவலரை ஏற்ற வேண்டும், மேற்கிலிருந்து வருவது தாண்டியதும் இறக்க வேண்டும். துப்பாக்கியோடு எந்தத் துறைமுகமும் சும்மா உள்ளே விடாது. ஆகவே கரைக்கு வராமல் கடலிலேயே கிடந்து ஆளையும் ஆயுதத்தையும் வைத்திருக்கும் கப்பல்கள் முளைத்தன. காலிக்கு வெளியே, ஓமன் வளைகுடாவில், செங்கடலில். சீமன் கார்டு ஓஹையோவை நம் தரப்பு அந்தக் கணக்கில்தான் பார்த்தது, மிதக்கும் ஆயுதக் கிடங்கு என்று.

மேற்குக் கரை மீன்பிடிக் கடல் முழுவதையும் அபாயப் பகுதி ஆக்கியதால்தான் எங்கள் ஆட்கள் கொள்ளையராகத் தெரிகிறார்கள் என்று இந்தியா விடாமல் சண்டை போட்டது. 2015 கடைசியில் கோட்டை 65 பாகைக்கு நகர்த்தினார்கள். 2023 ஜனவரி 1இல் அந்தப் பகுதியையே எடுத்துவிட்டார்கள். எடுத்த வருடம் முடிவதற்குள் ரூயென்.

16 ஏப்ரல்

சோமாலியக் கொள்ளையர் பிடித்து வைத்திருந்த எம்.வி. அப்துல்லா கப்பலை 14ஆம் தேதி விட்டுவிட்டார்கள். வங்கதேசக் கப்பல், நிலக்கரி, 23 பேர், காவலர் இல்லை. வீட்டுக்காரி அழுவதை நிறுத்தினாரா?

“காவலர் இருந்த கப்பல் கடத்தப்பட்டதில்லை, ஆகவே காவலரால்தான் கொள்ளை ஒழிந்தது” என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். 237 தாக்குதல் 2012இல் 75, 2013இல் 15. விழுந்தது உண்மை. ஆனால் அதே நேரம்தான் போர்க்கப்பல்கள் குவிந்தன, முள்கம்பி எல்லாக் கப்பலிலும் ஏறியது, பிடிபட்டவர்களைச் சிறையில் தள்ள ஆரம்பித்தார்கள். மழை பெய்தது, வாய்க்காலும் வெட்டினோம், குளம் நிறைந்தது எதனால் என்று கேட்டால் தாமிரபரணிப் பாசனக்காரன் சிரிப்பான்.

5 மே

ராத்திரி தூக்கம் வராமல் இதைப் பற்றியே யோசித்தேன். நம் சீமையில் பாளையக்காரர் காலத்துக் காவல் முறை இருந்ததே. ஊருக்கு ஸ்தலக்காவல், வட்டாரத்துக்குத் திசைக்காவல். குடிகள் காவல் வரி கொடுப்பார்கள். மாடு திருட்டுப் போனால் காவல்காரன் மீட்டுத் தர வேண்டும், முடியாவிட்டால் விலையைக் கொடுக்க வேண்டும். வரி கட்டாத ஊரில் காவல்காரனே களவு செய்தான் என்பதும் உண்டு, அதை மறைக்க வேண்டாம். கும்பினியார் அதைச் சாக்காக வைத்துத்தான் முறையையே பிடுங்கினார்கள்.

ஆனாலும் அதில் ஒன்று இருந்தது. களவு போனால் கணக்குக் கேட்க ஓர் ஆள் இருந்தான். இந்தக் கப்பல் காவலில்? காவலர் நிறுவனம் ஒரு நாடு, கப்பல் கொடி இன்னொரு நாடு, முதலாளி மூன்றாவது, துப்பாக்கி உரிமம் நான்காவது. ஒப்பந்தத்தில் கப்பலின் அதிகாரம் கேப்டனுக்குத்தான், ஆனால் தற்காப்புக்குச் சுடும் உரிமை ஒவ்வொரு காவலனுக்கும் தனித்தனி என்று போட்டிருக்கும். வலைக்காரன் செத்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? சீமன் கார்டு ஓஹையோ ஆட்களுக்குச் சம்பளம் நின்றுபோய், மாலுமிகளுக்கான தொண்டு அமைப்புதான் வீட்டுச் செலவுக்கு உதவியது.

11 மே

மார்ச் 23 அன்று எழுதியதை மாற்ற வேண்டும். அன்று பிரிட்ஜில் என்னோடு நின்ற மூன்றாம் ஆபீசர் இப்போது கேப்டன். இதைப் படித்துவிட்டு நேற்று தொலைபேசியில் கூப்பிட்டார். “சார், சுடாதே என்று நீங்கள் சொல்லவில்லை” என்றார்.

சண்டை போட்டேன். பிறகு தேநீர் போட்டுக்கொண்டு உட்கார்ந்து யோசித்தேன். அவர் சொல்வதுதான் சரி. படகு திரும்பாதபோது நான் அபாய மணிப் பொத்தானில் கை வைத்துக்கொண்டு, உள்ளே ஓடி ஒளியும் அறைக்கு யார் யாரை அனுப்புவது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். துண்டைப் பார்த்தேன், ஆனால் அது துண்டு என்று மனதில் ஏறவில்லை. பைனாகுலரை இறக்காமல் அந்த ஆங்கிலேயர்தான் சொன்னார்: “ஏணி இல்லை. மிதவை இருக்கிறது. மீன்காரர்கள்.” துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்புறம்தான் நான் சுக்கானைத் திருப்பச் சொன்னேன். பன்னிரண்டு வருடத்தில் அவருடைய வார்த்தையை என் வாயில் போட்டுக்கொண்டுவிட்டேன். உவரியில் பிறந்தவன் என்ற பெருமை வேறு.

ஏணியையும் மிதவையையும் பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் அன்று கிடைத்தார். பிற்காலத்தில் நான்கு பேர் மூன்றாகி, கூலி பாதியாகி, கடலை முதல் தடவை பார்க்கிறவனை ஏற்றியதையும் பார்த்திருக்கிறேன். அந்த விடியலில் அப்படி ஒருவனும் நானும் மட்டும் நின்றிருந்தால்? அதற்கு மேல் யோசிக்க விருப்பமில்லை.

22 மே

வைகாசி விசாகம், திருச்செந்தூர் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. வள்ளியூர்த் தம்பி, உங்கள் மச்சினன் கேட்க வேண்டியதை ஒரே மூச்சில் சொல்கிறேன். துப்பாக்கி எந்த நாட்டு உரிமத்தில் இருக்கிறது, அதன் நகல் ஏறும் முன்பே கைக்கு வருமா? காத்திருக்கும் நாட்களில் எந்தக் கப்பலில் தங்க வேண்டும், அதற்கு எந்தக் கொடி? கைதானால் வக்கீல் செலவும் சம்பளமும் யார் பொறுப்பு, எழுத்தில் உண்டா? தலைவர் இதற்கு முன் எத்தனை தடவை கடலில் போயிருக்கிறார்? இந்த நான்கிற்கும் காகிதத்தில் பதில் வந்தால் போகட்டும். “கப்பலில் ஏறியதும் தருவோம்” என்றால் வீட்டிலேயே இருக்கட்டும்.

3 ஜூன்

“கப்பலில் ஏறியதும் தருவோம்” என்றார்களாம். வார்த்தைக்கு வார்த்தை அதே. மச்சினன் நாகர்கோவிலில் வங்கிப் பணம் ஏற்றும் வண்டிக்குக் காவலாகச் சேர்ந்துவிட்டான். ஒற்றைக் குழல் துப்பாக்கி. கோபம் என்மேல்தான் என்று கேள்வி. இருக்கட்டும்.

16 ஜூன்

தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் நேற்று இறங்கின. உவரி வள்ளங்களுக்குத் தடை இல்லை என்றாலும் மீன் விலை மாறும் என்பதால் சித்தப்பா மகனைப் பார்க்கப் போனேன். பெரிய கப்பல் வலைமேல் வந்தால் குறுக்கே ஓடாதே, கையில் வைத்திருக்கிற வி.எச்.எஃப். வயர்லெஸ் கருவியில் 16ஆம் சேனலில் சொல் என்றேன். “எந்தப் பாஷையில், அண்ணே?” என்று கேட்டான். கருவியைக் கொடுத்தவர்கள் அதைச் சொல்லவில்லையாம்.

மீன் சுற்றிய தாளின் பின்பக்கம் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்: பிக் ஷிப், பிக் ஷிப். ஃபிஷிங் நெட் அஹெட். கீப் கிளியர். அவனும் அவன் மகனும் மணலில் உட்கார்ந்து நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தார்கள். கிளியர் என்பது மட்டும் கிளி ஆகிவிடுகிறது. தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு என்ஜினுக்குப் பக்கத்தில் கட்டிவிட்டான்.